விட்டுப் பிடி

கடைக்குள் எல்லா ரீலும் நன்றாகத்தான் சுற்றும்.
இருபத்திரண்டு டிகிரி வெதுவெதுப்பு,
'பேரிங் பன்னிரண்டு' என்று அட்டையில் பொன்னெழுத்து.
நான் மூன்றைப் பொறுக்கி நியாலிடம் கேட்டேன்:
"இன்றிரவு இவற்றை உன் ஃப்ரீசரில் வைக்கலாமா,
இரைமீன் பொட்டலங்களுக்குப் பக்கத்தில்?"
கிம்லியில், ஜனவரியில்,
இதைவிடக் கிறுக்கான கேள்விகளைக் கேட்டிருக்கிறான்.
தோளைக் குலுக்கினான். வைத்தான்.

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு
காலிப் பேருந்தைக் கடைமுன் நிறுத்தினேன்.
பன்னிரண்டு பேரிங்காரர் அசையவே இல்லை.
உள்ளே கிரீஸ் மெழுகாகியிருந்தது.
இரண்டாவது முனகியது, பாதிச் சுற்றில் நின்று யோசித்தது.
மூன்றாவது, பார்க்க ஒன்றுமில்லாத கறுப்பு வட்டம்,
பிஸ்கட் டப்பா மூடி மாதிரி.
கையுறையோடு ஒரு தட்டு தட்டினேன்.
ஓடியது.
நான் சட்டைப்பையில் பணத்தைத் தேடி எடுக்கும்வரை ஓடியது.
"அதில் எனக்கு லாபமே இல்லை" என்றான் நியால்.

இன்னொரு காரணமும் உண்டு.
பழைய ரீல் நூலை முறுக்கி முறுக்கி இறக்கும்;
ஆழத்தில் தூண்டில் பம்பரமாடும்.
பெர்ச் மீன் அதைச் சுற்றி வந்து பார்க்கும்,
சேலைக் கடைக்கு வந்த கஞ்சனைப் போல
புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.
இதிலோ நூல் தூக்குக்குண்டு மாதிரி, நேரே.

சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து
அதன் வயிற்றைத் திறந்தேன்.
பென்சின் தோய்த்த பஞ்சால் கிரீஸ் முழுவதையும் வழித்தெடுத்து
மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு. மூன்று அல்ல.
ஸ்வாவா ஜன்னலைத் திறந்தாள்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
"ரீலுக்குக் குளிர் நல்லது" என்றேன்.
அன்று அதற்குமேல் பேச்சில்லை.

ரீலுக்கும் பிரேக் உண்டு.
பேருந்து ஓட்டுகிறவனுக்கு அதைச் சொல்லித் தரவேண்டாம்:
பனிச்சாலையில் ஓங்கி மிதித்தவன் பள்ளத்தில்.
நூல் நாலு பவுண்டு தாங்கும்,
பிரேக் ஒரு பவுண்டிலேயே நழுவ வேண்டும்.
ஒரு பவுண்டு காபிப் பொட்டலத்தை நூலில் கட்டினேன்.
திருகைக் கால் சுற்று இறுக்கி, அரைக்கால் தளர்த்தி,
மெல்லத் தூக்கினால் எழவேண்டும்
வெடுக்கென்று இழுத்தால் டிர்ரென்று இறங்கவேண்டும்.
பத்தாம் தடவை பொட்டலம் கிழிந்தது.
நானே பெருக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு அவளும் வந்தாள்.
ஏனென்று நான் கேட்கவில்லை.
துளையில் மிதந்த பனிச்சில்லைக் கரண்டியால் அள்ளிப் போட்டாள்,
சாறில் நுரை எடுப்பதுபோல், ஒரு சிந்தல் இல்லாமல்.
நூலை இழுத்துப் பார்த்தேன். பிரேக் கல்லாகியிருந்தது.
சமையலறையில் போட்ட கணக்கு சமையலறைக்குத்தான்.
கால் சுற்றுத் தளர்த்தினேன்.
"கொடு" என்று வாங்கி
கையுறையைப் பல்லால் கழற்றி
இன்னும் அரைச் சுற்றுத் தளர்த்தினாள்.
"ரொம்ப அதிகம்."
"சரி."
திருகை மட்டும் தொடவில்லை.

பெர்ச் வரவில்லை. பைக் மீன் வந்தது,
நாலு பவுண்டு நூலுக்கு வரக்கூடாத விருந்தாளி.
தண்டு வளைந்து தண்ணீரைத் தொட்டது, வட்டம் அலறியது.
விட்டுப் பிடி என்று சொல்ல வாயெடுத்தேன்,
அவள் விட்டுக்கொண்டுதான் இருந்தாள்,
பெருவிரல் விளிம்பில், பட்டும் படாமலும்.
நூல் குறைந்து குறைந்து
அடியில் நான் போட்ட முடிச்சு தெரிந்தது.
அங்கே நின்றது மீன்.

பிறகு முக்கால் மணி நேரம்.
என்ன சொல்ல, நான் வெறுமனே முட்டிபோட்டு இருந்தேன்.
கடைசியில் துளைக்குள் ஒரு நீளமூக்கு,
பச்சைத் தாடை, அதன் ஊசிப்பற்கள்.
கையை நீட்டினேன்.
பல் பட்டது. நூல் போனது.
துளையில் தண்ணீர் இரண்டு முறை ஏறி இறங்கியது.

ரீல் ஒரு தப்பும் செய்யவில்லை என்றேன்.
அவள் சிரித்தாள், டிசம்பருக்குப் பிறகு முதல் தடவை,
சிவந்துபோன பெருவிரலை வாயில் வைத்துக்கொண்டே.
திரும்பும்போது ஹீட்டரைக் கூட்டினாள்.
"கடைத்தெரு வழியாகப் போ," என்றாள்.
"காபி வாங்க வேண்டும்."